உடல் இயக்கமும் வயது வந்தோர் உடல்நலமும்

உடல் இயக்கம் என்பது தசைகள் சுருங்கி விரிவதால் உடல் அசைந்து, அதற்காக ஆற்றல் செலவாகும் எல்லாச் செயல்களையும் குறிக்கும். நடத்தல், மாடிப்படி ஏறுதல், மிதிவண்டி ஓட்டுதல், வீடு பெருக்குதல், தோட்டவேலை, விளையாட்டு, நடனம், உடற்பயிற்சி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வயது வந்தோரிடம் மாரடைப்பு, பக்கவாதம், உயர் இரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, சிலவகைப் புற்றுநோய்கள், மனச்சோர்வு, முதுமையில் கீழே விழுதல் ஆகியவற்றுக்கான வாய்ப்பை முறையான உடல் இயக்கம் குறைக்கிறது.

உழைக்காத உடல் நோயுறும் என்னும் கருத்து மிகப் பழமையானது. ஆனால் அதை எண்ணிக்கைகளால் நிறுவும் ஆய்வுகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தொடங்கின. அவற்றிலிருந்து இரண்டு முடிவுகள் திரும்பத் திரும்பக் கிடைத்துள்ளன. முதலாவது, இயக்கத்தின் பயனைச் சேமித்து வைக்க முடியாது. இளமையில் விளையாடியவர் பின்னர் விட்டுவிட்டால் அதன் பாதுகாப்பையும் இழக்கிறார். இரண்டாவது, எந்த வயதில் தொடங்கினாலும் பயன் உண்டு. அதிலும் இதுவரை எதுவுமே செய்யாதவருக்குத்தான் சிறிதளவு இயக்கம் பெரும் பயனைத் தருகிறது.

சொற்களும் அளவைகளும்

உடல் இயக்கம், உடற்பயிற்சி, உடல்தகுதி ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் ஒன்றாகக் கருதப்பட்டாலும் மருத்துவ நூல்களில் அவை வேறுபட்டவை. உடற்பயிற்சி என்பது உடல்தகுதியை உயர்த்தும் நோக்கில், திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் செய்யப்படும் இயக்கம். எனவே உடற்பயிற்சி உடல் இயக்கத்தின் ஒரு பகுதியே. உடல்தகுதி என்பது செயல் அன்று; இதயம், நுரையீரல், தசைகள் ஆகியவற்றின் திறனைக் காட்டும் நிலை.

இயக்கத்தின் கடுமையை அளக்க 'மெட்' என்னும் அலகு பயன்படுகிறது. ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது அவருடைய உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட் ஆகும். இது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் ஆக்சிசன் பயன்படுத்துவதற்குச் சமம். 3 மெட்டுக்குக் குறைவானது இலேசான இயக்கம். 3 முதல் 6 மெட்டுக்கு உட்பட்டது மிதமான இயக்கம். 6 மெட்டும் அதற்கு மேலும் கடுமையான இயக்கம். வேகநடை மிதமான வகையிலும் ஓட்டம் கடுமையான வகையிலும் சேரும்.

கருவி எதுவும் இல்லாமலும் இதைக் கண்டறியலாம். மிதமான இயக்கத்தின்போது மூச்சு சற்று வேகமாகும்; பேச முடியும், ஆனால் பாட முடியாது. கடுமையான இயக்கத்தின்போது சில சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாது. இடையில் மூச்சு வாங்க நேரிடும். ஒரே வேகம் எல்லாருக்கும் ஒரே கடுமை ஆகாது. 25 வயதினருக்கு இலேசாக இருக்கும் நடை, 75 வயதினருக்குக் கடுமையானதாக இருக்கக்கூடும்.

இலண்டன் பேருந்து ஆய்வு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் மாரடைப்பால் இறப்போரின் எண்ணிக்கை உயர்ந்து வந்தது. அதற்கான காரணம் தெளிவாகத் தெரியவில்லை. நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெர்ரி மாரிஸ் (1910–2009), தொழிலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கினார். அவருடைய குழு இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய, 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 31,000 ஆண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது.

ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒத்த சமூகப் பின்னணி ஆகியவை ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் பொதுவாக இருந்தன. ஆனால் ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக ஈரடுக்குப் பேருந்தின் மேல்தளத்திற்கும் கீழ்தளத்திற்கும் மாறிமாறிச் சென்று, நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 1953-இல் தி லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, நடத்துநர்களிடம் இதயத் தமனி நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாக இருந்தது. நோய் வந்தபோதும் அது பிந்திய வயதில், கடுமை குறைந்து காணப்பட்டது. ஓட்டுநர்களிடமோ திடீர் மரணங்கள் மிகுதியாக இருந்தன. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதங்களைக் கொண்டுசேர்த்த அஞ்சல்காரர்களை, மேசையில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தர்களுடனும் தொலைபேசி இணைப்பாளர்களுடனும் ஒப்பிட்டபோதும் இதேபோன்ற வேறுபாடு தெரிந்தது.

இந்த முடிவுக்கு ஒரு மறுப்பு இருந்தது. உடல் பருமன் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே ஓட்டுநர் பணியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் அல்லவா? மாரிஸ் இதையும் ஆராய்ந்தார். நிறுவனம் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுகள் பதிவேட்டில் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. இதை 1956-இல் அவரே வெளியிட்டார். ஆயினும் ஒத்த இடுப்பளவு கொண்டவர்களை ஒப்பிட்டபோதும் நடத்துநர்களே நல்ல நிலையில் இருந்தனர். ஆகவே, உடல்வாகு வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கியது.

தொழில்வழி உழைப்பு குறைந்துவரும் காலத்தில் ஓய்வுநேர இயக்கம் அதே பயனைத் தருமா என்பது அடுத்த கேள்வி. மாரிஸ் குழுவினர் மேசைப்பணி செய்த பிரித்தானிய அரசு அலுவலர்களை ஆராய்ந்தனர். ஓய்வுநேரத்தில் கடுமையான விளையாட்டு, உடற்பயிற்சி ஆகியவற்றில் ஈடுபட்டோரிடம் இதயத் தமனி நோய் மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்ததை 1980-இல் வெளியான அறிக்கை காட்டியது.

பயன் சேமிப்பில் நிற்பதில்லை

அமெரிக்காவில் ரால்ப் பாஃபன்பர்கர் (1922–2007) இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தினார். ஒன்று சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களைப் பற்றியது. மற்றொன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்களைப் பற்றியது. பின்னதில் 16,936 ஆண்களின் கல்லூரிக்காலப் பதிவுகளும் நடுவயதுப் பழக்கங்களும் ஒப்பிடப்பட்டன. நடத்தல், படியேறுதல், விளையாட்டு ஆகியவற்றின் வழியாக வாரத்திற்கு 2,000 கிலோகலோரிக்குக் குறைவாகச் செலவிட்டோருக்கு, அதற்கு மேல் செலவிட்டோரைவிட மாரடைப்பு வாய்ப்பு 64 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இம்முடிவு 1978-இல் வெளியானது.

இந்த ஆய்வில் கல்லூரி அணிகளில் விளையாடியவர்களைப் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. மாணவப் பருவத்தில் சிறந்த விளையாட்டு வீரர்களாக இருந்து, பின்னர் இயக்கமின்றி வாழ்ந்தவர்களுக்குப் பழைய விளையாட்டால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. மாறாக, கல்லூரியில் விளையாட்டின் பக்கமே செல்லாமல், பிற்காலத்தில் இயக்கமுள்ள வாழ்க்கைக்கு மாறியவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு குறைவாக இருந்தது. பிறவியிலேயே வலிமையான உடல் பெற்றவர்கள்தாம் விளையாடுகிறார்கள், அதனால்தான் நோயின்றி இருக்கிறார்கள் என்ற வாதத்தை இது வலுவிழக்கச் செய்தது. மாரிஸ், பாஃபன்பர்கர் இருவருக்கும் 1996-இல் விளையாட்டு அறிவியலுக்கான முதல் ஒலிம்பிக் பரிசு கூட்டாக வழங்கப்பட்டது.

இயக்கமின்மை உடலை எவ்வளவு விரைவாகத் தளர்த்தும் என்பதை டாலஸ் நகரில் நடந்த படுக்கை ஓய்வு ஆய்வு காட்டியது. 1966-இல் நல்ல உடல்நலத்துடன் இருந்த 20 வயது இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருந்தனர். உழைப்பின் உச்சத்தில் உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிசன் அளவு அவர்களிடம் 27 விழுக்காடு குறைந்தது. பின்னர் சில வாரப் பயிற்சியால் அது மீண்டது.

30 ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரும் 50 வயதில் மீண்டும் சோதிக்கப்பட்டனர். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் அவர்களின் ஆக்சிசன் பயன்பாட்டுத் திறன் குறைந்த அளவு, 20 வயதில் மூன்று வாரப் படுக்கையால் குறைந்த அளவைவிடச் சிறியதாகவே இருந்தது. ஆறு மாதம் நடை, மென்னோட்டம், மிதிவண்டி ஆகிய பயிற்சிகளைச் செய்தபின் அத்திறன் ஏறத்தாழ 20 வயதில் இருந்த நிலைக்குத் திரும்பியது. ஐவரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு என்றாலும், முதுமையின் விளைவு எனக் கருதப்படும் தளர்ச்சியில் ஒரு பகுதி இயக்கமின்மையின் விளைவே என்பதை அது தெளிவாக்கியது. மருத்துவமனை நோயாளிகளை இயன்ற விரைவில் எழுந்து நடக்கச் செய்யும் இன்றைய நடைமுறைக்கு இத்தகைய ஆய்வுகள் அடிப்படையாயின.

உடலுக்குள் நிகழும் மாற்றங்கள்

இதயமும் இரத்தக் குழாய்களும்: தொடர்ந்து இயங்குபவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதனால் ஓய்வில் அது குறைந்த எண்ணிக்கையில் துடித்தால் போதும். வேகமாகப் பாயும் இரத்தம் குழாய்களின் உட்சுவரைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. இது குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேகநடை போன்ற பயிற்சியைத் தொடர்ந்து செய்தால், மேல் அழுத்தம் சராசரியாக 5 முதல் 8 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை குறைகிறது.

தசையும் சர்க்கரையும்: உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோசின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது தசைகளே. வழக்கமாகத் தசைச்செல்லுக்குள் குளுக்கோசு நுழைய இன்சுலின் தேவை. ஆனால் தசை சுருங்கும்போது, குளுட்-4 எனப்படும் கடத்திப் புரதங்கள் இன்சுலின் தூண்டுதல் இல்லாமலேயே செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே கொண்டுசெல்கின்றன. இன்சுலின் சரியாகச் செயல்படாத நீரிழிவு நோயாளிகளிடமும் இந்த வழி திறந்தே இருக்கிறது. பயிற்சி முடிந்தபின்னும் தசைகள் ஏறத்தாழ 24 முதல் 48 மணிநேரம் வரை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீரிழிவு நோயாளிகள் இரண்டு நாள்களுக்கு மேல் தொடர்ச்சியாகப் பயிற்சியை விடக்கூடாது என்று அறிவுறுத்தப்படுவது இதனால்தான்.

எலும்பு: எலும்பு தன்மீது விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். நடை, படியேறுதல், பளு தூக்குதல் போன்றவை எலும்பின் அடர்த்தியைக் காக்க உதவுகின்றன. நீந்துதல் இதயத்திற்கு நல்லது. ஆயினும் உடல் எடையை நீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு.

புற்றுநோய்: பெருங்குடல், மார்பகம், கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய்கள் இயக்கமுள்ளோரிடம் குறைவாகக் காணப்படுகின்றன. இன்சுலின், பாலின இயக்குநீர் அளவுகளில் ஏற்படும் மாற்றமும் அழற்சி குறைவதும் இதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன.

மனநலம்: முறையான இயக்கம் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகளைத் தணிக்கிறது, உறக்கத்தை மேம்படுத்துகிறது. கடுமையான மனச்சோர்வில் இது சிகிச்சைக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது.

நீரிழிவுத் தடுப்பு ஆய்வுகள்

இரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியும், நீரிழிவு எனக் கூறும் அளவை எட்டாமலும் இருப்பவர்கள் நீரிழிவின் வாயிலில் நிற்பவர்கள். இவர்களை நீரிழிவுக்குள் செல்லாமல் காக்க முடியுமா என்பதை மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகள் சோதித்தன.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வில் 577 பேர் சேர்க்கப்பட்டனர். ஆறு ஆண்டுகளில், தனிக் கவனம் தரப்படாத குழுவில் 67.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உடற்பயிற்சியை மட்டும் மேற்கொண்ட குழுவில் இது 41.1 விழுக்காடாக இருந்தது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், வாரம் 150 நிமிட இயக்கமும் உணவு மாற்றமும் எடைக் குறைப்பும் இணைந்த வாழ்க்கைமுறை நீரிழிவை 58 விழுக்காடு குறைத்தது. மெட்பார்மின் மருந்து குறைத்தது 31 விழுக்காடு.

இந்தியாவில் இத்தகைய முதல் பெரிய ஆய்வு சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. அதன் முடிவுகள் 2006-இல் வெளியாயின. 531 பேர் இதில் பங்கேற்றனர். மூன்று ஆண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு ஏற்பட்டது. உணவு மாற்றமும் நாள்தோறும் நடையும் மேற்கொண்ட குழுவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. வாழ்க்கைமுறை மாற்றத்துடன் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. வாழ்க்கைமுறைக் குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாத நிலையிலும் இப்பயன் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. தெற்காசியர்கள் ஒப்பளவில் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகிறார்கள். ஆகையால் "ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு உடற்பயிற்சி வேண்டாம்" என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது.

உடல் எடை பற்றிய தவறான கருத்து

உடற்பயிற்சியின் ஒரே நோக்கம் எடைக் குறைப்பே என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் உணவைக் கட்டுப்படுத்தாமல் பயிற்சியால் மட்டும் எடையைக் குறைப்பது கடினம். அரைமணி நேர நடையில் செலவாகும் ஆற்றல், ஒரு தட்டுச் சிற்றுண்டியால் எளிதில் ஈடாகிவிடும். சில வாரங்கள் நடந்தும் எடைக்கருவியில் மாற்றம் தெரியாததால் பலர் பயிற்சியைக் கைவிடுகின்றனர். ஆனால் எடை மாறாவிட்டாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு ஆகியவற்றில் நல்ல மாற்றம் நிகழ்கிறது. குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் உடல் இயக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

முதுமையும் தசை வலுவும்

ஏறத்தாழ 30 வயதுக்குப் பின் தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்குகிறது. 60 வயதுக்குப் பின் இது விரைவடைகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல், குளியலறையில் தடுமாறாமல் நிற்றல், நீர்க்குடத்தைத் தூக்குதல் ஆகியவை தசை வலுவைச் சார்ந்தவை. இவ்வலு குறையும்போது முதியவர் பிறரைச் சார்ந்து வாழ நேரிடுகிறது. ஒருமுறை கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் பழைய நடையைப் பெறாமலேயே பலர் முடங்கிவிடுகின்றனர்.

1990-இல் பாஸ்டன் நகரில் மரியா ஃபியடரோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, முதுமையில் தசை வலுவைத் திரும்பப் பெற முடியாது என்னும் எண்ணத்தை மாற்றியது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதுடைய 10 பேர் எட்டு வாரங்கள் கால் தசைகளுக்கான பளுப் பயிற்சி மேற்கொண்டனர். பயிற்சியை முடித்தவர்களின் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கினர். பயிற்சியை நிறுத்தியபின் அந்த வலு மீண்டும் குறைந்தது.

தசை வலுவுக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டாயம் அன்று. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரைக் கைகளால் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். சுவரையோ மேசையையோ பிடிக்கக்கூடிய தொலைவில் நின்றபடி ஒற்றைக்காலில் நிற்பது சமநிலையை வளர்க்கும்.

எவ்வளவு இயக்கம் தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பின்வருமாறு கூறுகின்றன:

- 18 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான இயக்கத்திலோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடுமையான இயக்கத்திலோ ஈடுபட வேண்டும். இரண்டையும் கலந்தும் செய்யலாம்.
- வாரத்தில் குறைந்தது 2 நாள்கள் முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வலுப் பயிற்சி தேவை.
- 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும்.
- உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.
- மருத்துவத் தடை இல்லாத கருவுற்ற பெண்களும் வாரத்திற்கு 150 நிமிட மிதமான இயக்கத்தை மேற்கொள்ளலாம்.

ஒருமுறைக்குக் குறைந்தது 10 நிமிடங்கள் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதி இந்த வழிகாட்டுதல்களில் கைவிடப்பட்டது. பேருந்து நிறுத்தம் வரை ஐந்து நிமிடம் விரைந்து நடப்பதும் கணக்கில் சேரும்.

நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்னும் பரவலான இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து அது பரவியது. 'மன்போ-கெய்' என்னும் அப்பெயருக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்பது பொருள். ஐ-மின் லீ தலைமையில் 2019-இல் வெளியான ஆய்வு, சராசரி வயது 72 உடைய 16,741 பெண்களைக் கணக்கில் கொண்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தோரைவிட, ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தோரின் இறப்பு வீதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. அடிகள் கூடக்கூடப் பயனும் கூடி, 7,500 அடிகளை ஒட்டிச் சமநிலை அடைந்தது. 10,000 என்ற எண்ணைப் பார்த்து மலைத்து, தொடங்காமலே இருப்பவர்களுக்கு இது பயனுள்ள செய்தி.

நெடுநேரம் உட்கார்ந்திருத்தல்

காலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு, எஞ்சிய நாள் முழுவதும் மேசையிலும் வாகனத்திலும் தொலைக்காட்சி முன்னும் அமர்ந்திருப்பவர்கள் பலர். 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று இதை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு 8 மணிநேரத்திற்கும் மேல் உட்கார்ந்திருப்பதோடு தொடர்புடைய கூடுதல் இறப்பு வாய்ப்பு, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடங்கள் வரை மிதமான இயக்கத்தில் ஈடுபட்டோரிடம் காணப்படவில்லை. அவ்வளவு நேரம் ஒதுக்க இயலாதவர்கள் உட்காரும் நேரத்தை இடையிடையே முறிப்பது நல்லது. எழுந்து சில நிமிடங்கள் நடப்பது உணவுக்குப்பின் ஏறும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது.

பணியிட உழைப்பும் ஓய்வுநேர இயக்கமும்

நாள் முழுவதும் மூட்டை சுமப்பவருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் இதய நோய் வராதா என்ற கேள்வி எழலாம். அண்மைக் கால ஆய்வுகள் சிலவற்றில், கடுமையான பணியிட உழைப்பில் ஈடுபடும் ஆண்களிடம் ஓய்வுநேர இயக்கத்தால் கிடைப்பது போன்ற பயன் காணப்படவில்லை. பளுவைப் பலமணி நேரம் தூக்குவதும் ஒரே நிலையில் நிற்பதும் இரத்த அழுத்தத்தை நெடுநேரம் உயர்த்தி வைக்கின்றன. வெயில், போதிய ஓய்வின்மை, குறைந்த வருவாய், புகைப்பழக்கம், மருத்துவ வசதிக் குறைவு ஆகியவையும் இதனுடன் சேர்கின்றன. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. இலண்டன் நடத்துநர்களின் வேலை விட்டுவிட்டுப் படியேறும் தன்மையது. மூட்டை சுமக்கும் வேலையிலிருந்து அது வேறுபட்டது. ஆகவே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குத் தேவைப்படுவது மேலும் உழைப்பு அன்று. இடைவேளை, பளுவைக் குறைக்கும் கருவிகள், உறக்கம் ஆகியவையே முதல் தேவை.

கவனிக்க வேண்டியவை

உடல் இயக்கத்தின் நன்மைகள் அதன் தீமைகளைவிட மிகப் பெரியவை. எனினும் பழக்கமில்லாதவர் திடீரெனக் கடும் உழைப்பில் இறங்குவது ஆபத்தானது. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, கடும் உழைப்புக்குப் பின்னான ஒரு மணிநேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு தற்காலிகமாக உயர்கிறது. அந்த உயர்வு, வாரம் ஐந்து முறைக்கு மேல் பயிற்சி செய்வோரிடம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இயக்கமே இல்லாதவர்களிடம் 100 மடங்குக்கும் மேல். தொடர்ந்த பயிற்சியே இந்த ஆபத்தைக் குறைக்கும் வழி. எனவே நடையில் தொடங்கி, வாரக்கணக்கில் நேரத்தையும் பின்னர் வேகத்தையும் கூட்ட வேண்டும்.

இயக்கத்தின்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும். இதய நோய் உள்ளவர்களும், நெடுங்கால நீரிழிவு உள்ளவர்களும் கடுமையான பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோருக்குப் பயிற்சியால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும். பாதங்களில் உணர்வு குன்றியவர்கள் பொருத்தமான காலணி அணிந்து, நடைக்குப்பின் பாதங்களில் புண் உள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

இன்றைய நிலை

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2024-இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகின் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், பரிந்துரைக்கப்பட்ட அளவு இயங்கவில்லை. 2010-இல் இது 26 விழுக்காடாக இருந்தது. இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் இந்த நிலையில் உள்ளனர். ஆண்களைவிடப் பெண்களிடம் இயக்கமின்மை கூடுதலாக உள்ளது.

இதைத் தனிமனிதரின் சோம்பல் என்று மட்டும் கருதிவிட முடியாது. உடலுழைப்பு வேலைகள் இயந்திரங்களிடமும் நடைதூரங்கள் வாகனங்களிடமும் சென்றுவிட்டன. நடைபாதை இல்லாத சாலை, வெளிச்சம் இல்லாத தெரு, வெப்பம், காற்று மாசு, பெண்கள் தனியே நடப்பதற்கான பாதுகாப்பின்மை, வீட்டுப் பொறுப்புகளுக்கிடையே தமக்கென நேரம் கிடைக்காமை ஆகியவையும் தடைகளாக உள்ளன. நடைபாதைகள், பூங்காக்கள், பொதுப் போக்குவரத்து, மிதிவண்டிப் பாதைகள் ஆகியவற்றை அமைப்பதும் உடல்நலத் திட்டமே என்பதை இன்றைய பொதுச் சுகாதாரக் கொள்கைகள் வலியுறுத்துகின்றன. மின்தூக்கிக்கு மாற்றாகப் படியை நாடுதல், இரண்டு நிறுத்தங்களுக்கு முன்பே இறங்கி நடத்தல், தொலைபேசியில் பேசும்போது நடமாடுதல் போன்ற சிறு மாற்றங்களிலிருந்தும் தொடங்கலாம்.